மூடையில் ஏறிய ஈரம்

சிவகாசியில் ஈரத்தைப் பார்த்தவர்கள் குறைவு. வானம் இரண்டு தூறல் போட்டால் பெற்றவர்கள் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வந்து காட்டும் ஊர் அது. பட்டாசுத் தொழில் அங்கே வேர் பிடித்ததற்கே அந்த வறட்சிதான் காரணம். அப்படிப்பட்ட ஊரில், 1962ஆம் வருஷம் தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இருபத்தைந்து கிலோ வெடியுப்பு மூடை ஒன்றில் ஈரம் ஏறியிருப்பதைப் பட்டாசு முதலாளி அய்யாதுரை கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்த முறை எளிமையானது. மூடையைத் தூக்கினார். அது முழங்காலுக்கு மேல் வரவில்லை.

அவர் ஏன் மூடை தூக்கப் போனார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தீபாவளி முடிந்து, ஓய்ந்து, பூசை போட்டு வேலையை மறுபடி தொடங்கும் நாளில், முதல் மூடையை முதலாளியே வண்டியிலிருந்து இறக்கித் தோளில் வைத்து, பன்னிரண்டு எட்டு நடந்து ஸ்டோருக்குள் வைப்பது அந்தக் கம்பெனி வழக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி தொடங்கியபோது தூக்குவதற்கு வேறு ஆள் இல்லாததால் அவரே தூக்கினார். ஆள் கிடைத்த பிறகு அதற்கு வழக்கம் என்று பெயர் வந்தது. மதுரையிலிருந்தும் மெட்ராசிலிருந்தும் ஏஜெண்டுகள் வந்து, காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கம்பெனிப் பட்டாசுக்கு ‘மூடைப் பயில்வான் மார்க்’ என்று பெயர் வைத்து, ஒரு மூடையை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஆளை லேபிளில் அச்சடித்தார்கள். அந்த ஆளின் மீசை அய்யாதுரையின் மீசை. தோள் மட்டும் படம் வரைந்தவருடைய தாராளம்.

இப்போது அந்த மீசைக்காரர், ஏழு ஏஜெண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, மூடையை மெதுவாகத் தரையில் வைத்தார். துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

“ஈரம் ஏறிருக்கு” என்றார்.

ஏழு தலைகள் ஆடின. “பாத்தாலே தெரியுதே அண்ணாச்சி” என்றார் மெட்ராஸ் ஏஜெண்ட். அவருக்கு வெடியுப்பையும் கோலப்பொடியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மகன் சங்கரபாண்டியன் ஒரு எட்டு முன்னால் வந்தான். அப்பா பார்த்த பார்வையில் இரண்டு எட்டு பின்னால் போனான். கடைசியில் லோடு இறக்கும் இரண்டு பேர் சேர்ந்து, ஏதோ சாமி சிலையைத் தூக்குவது போல அந்த மூடையை உள்ளே கொண்டுபோனார்கள்.

ஈரம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பொறுப்பாளி ஒருவன் வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் சாவியை இடுப்பில் முடிந்திருந்த நாரணாபுரம் ஒச்சப்பன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான்.

“ஏலே ஒச்சப்பா, ஈர உப்பை எடை போட்டு எறக்கிருக்கியே, உப்புக்காரன் ஒனக்கு எம்புட்டுலே குடுத்தான்?”

“மொதலாளி, உப்பு பொரி மாதிரி இருக்கு. கையில அள்ளிப் பாருங்க, ஒட்டல.”

“எனக்கே உப்பு சொல்லிக் குடுக்கியா? அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குள்ள ஈரம் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லு. இல்ல, சாவியை வச்சுட்டுப் போயிரு.”

ஒச்சப்பனின் மூத்த மகளுக்கு வைகாசியில் கல்யாணம். ஆமத்தூர் மாப்பிள்ளை. ஸ்டோர்கீப்பர் மகள் என்று கேட்டு வந்த சம்பந்தம் அது. ஈர உப்பில் கைவைத்துச் சாவியைப் பறிகொடுத்தவன் மகள் என்று ஆனால், மாப்பிள்ளை ஆமத்தூரிலேயே நின்றுவிடுவான். ஒச்சப்பன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் அந்த மூடையைப் பிரித்து, முதலாளி நாற்காலிக்கு எதிரிலேயே சுத்தமான படுதாவில் உப்பை விரித்தான். மூன்று நாள் வெயிலில் காயவைத்தான். மறுபடி கட்டித் தராசில் ஏற்றினான். காற்றில் போன ஒரு சிட்டிகை தவிர எடை அப்படியே இருந்தது. ஈரம் இருந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும்.

“அப்பத் தராசு சரியில்ல” என்றார் அய்யாதுரை.

எடைகளுக்கு முத்திரை போடும் சர்க்கார் அதிகாரி வந்து தராசைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். அய்யாதுரை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் விடை கிடைத்தது.

“கிலோவுலதாண்டா இருக்கு சூது.”

சர்க்கார் அப்போதுதான் பழைய எடைகளை எடுத்துவிட்டுக் கிலோவைக் கட்டாயமாக்கிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கிலோவின் மேல் சந்தேகம் இருந்தது. வாங்குகிறவர்களுக்கு அது சின்னதாகத் தெரிந்தது, விற்கிறவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. தூக்குகிற வகையில் சந்தேகப்பட்ட முதல் ஆள் அய்யாதுரைதான். முன்பெல்லாம் உப்பு அரை அந்தர் மூடையாக வரும். ஐம்பத்தாறு ராத்தல், ஏறக்குறைய இதே கனம்தான். அதைத் தோளில் போட்டு நடந்தவர் அவர். இந்த இருபத்தைந்து கிலோ மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எவனோ கனத்தைக் கூட்டியிருக்கிறான்.

ஒச்சப்பன் உற்சாகமானான். மூலையில் கிடந்த பழைய அரை அந்தர் இரும்புக் கல்லைத் தேடி எடுத்து, ஒரு தட்டில் கல்லையும் மறுதட்டில் புது மூடையையும் வைத்தான். மூடை மேலே போனது.

“பாத்தீகளா மொதலாளி! புது மூடைதான் முக்கால் ராத்தலுக்கு மேல கம்மி!”

உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவன் முதலாளியின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டான். மூடை ஏன் கனக்கிறது என்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த மனிதரிடம், மூடை முன்னைவிட லேசு என்று நிரூபித்திருந்தான்.

“பழைய கல்லுலயும் கை வச்சிட்டியாலே?” என்றார் அய்யாதுரை. பங்குனிப் பொங்கலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

சந்தேகம் கம்பெனிக் கேட்டோடு நிற்கவில்லை. கை கழுவும்போது மோதிரம் கழன்று வாளிக்குள் விழுந்தது. ஆசாரி மோதிரத்தைப் பெரிதாக்கிவிட்டான் என்றார். சட்டை தோளில் தொங்கியது. தையல்காரன் அளவைத் தப்பாக எழுதிவைத்திருக்கிறான் என்றார். பிறகு ஒரு நாள், காலைப் பலகாரம் முடிந்து நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முதல் முயற்சியில் எழ முடியவில்லை. இரண்டாவதில் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நாக்காலிக் காலை எவனோ அறுத்திருக்கான்.”

மனைவி பொன்னுத்தங்கம் தையல் டேப்பை எடுத்து வந்து நாலு காலையும் அளந்தாள். பிறகு, கேட்காமலேயே, புருஷனுடைய கெண்டைக்காலையும் அளந்தாள்.

“நாக்காலி அப்படியேதான் இருக்கு. கொறைஞ்சது நீங்க.”

“என்னடி சொல்ற?”

“எங்கண்ணன் மூத்த பேத்தி கையி மாதிரி இருக்கு காலு. அவளுக்கு வயசு பன்னெண்டு.”

அய்யாதுரை அதன் பிறகு மனைவியையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். கஞ்சியில் எதையாவது கலக்குகிறாளா என்று மோந்து பார்த்துக் குடித்தார். அதில் கலப்பதற்கு இடமே இல்லை. கஞ்சியிலேயே தண்ணீருக்குத்தான் இடம் இருந்தது.

அறுபது வயதுக்குப் பிறகு அவர் பெரிய மனிதர் ஆகியிருந்தார். பெரிய மனிதர் நடக்கக்கூடாது. மூன்று பர்லாங் தூரத்துக்கு ஒரு கார் வந்தது. பெரிய மனிதர் குனியக்கூடாது. செருப்பை எடுத்துவைக்க ஒரு ஆள், விழுந்த துண்டை எடுக்க ஒரு மணி. மணியை அடித்தால் ஆள் வரும். கோவில் தர்மகர்த்தா ஆனதும் மீனும் கறியும் போயின. பருப்பு வாயு என்று ஒருவர் சொன்னதால் பருப்பும் போனது. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசத்தில் ஒரு பிடிச் சோறு, சாயங்காலம் கஞ்சி. இலையில் எவ்வளவு மிச்சம் வைக்கிறாரோ அவ்வளவு மரியாதை என்ற கணக்கு. அந்தக் கணக்குப்படி ஐந்து வருஷத்தில் அவர் ஏகப்பட்ட மரியாதை சேர்த்திருந்தார்.

பொன்னுத்தங்கம் மகனிடம் சொன்னாள். மகன், மார்க்கெட் நிலவரம் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி, அப்பாவை விருதுநகருக்குக் கூட்டிப்போனான். கார் டாக்டர் இராமகிருஷ்ணன் வீட்டு வாசலில் நின்றது.

“இதென்னலே மார்க்கெட்டு?” என்றார் அய்யாதுரை. ஆனால் அதற்குள் டாக்டர் வாசலுக்கு வந்து கும்பிட்டுவிட்டார். தர்மகர்த்தாவால் திரும்பிப் போக முடியவில்லை.

டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், மூத்திரத்தில் சர்க்கரை பார்த்தார். இரண்டும் சரி. காலையும் கையையும் அளந்தார். பிறகு ஒரு மர நாற்காலியைக் காட்டினார்.

“அண்ணாச்சி, கையைக் கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க.”

அய்யாதுரை இரண்டு தடவை எழுந்தார். மூன்றாவது தடவை பாதியில் நின்று, டாக்டர் வீட்டு நாற்காலியின் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“சதை கரைஞ்சிருக்கு” என்றார் டாக்டர்.

“யாரு கரைச்சா?”

“யாரும் கரைக்கல. நீங்க வேலையை விட்டீங்க. வேலையில்லாத ஆளை நீங்க கம்பெனில வச்சிருப்பீங்களா? ஒடம்பும் வச்சுக்கல, அனுப்பிருச்சு. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் போகும் அண்ணாச்சி. ஆனா நீங்க கதவைத் தொறந்து விட்டுட்டீங்க.”

“இனி இந்த வயசுல திரும்பி வருமா?”

“வரும். மெதுவா வரும். நாக்காலில இப்படிப் பத்துப் பத்தா, தினம் மூணு வேளை எந்திரிச்சு உக்காருங்க. மொதல்ல மேசையைப் பிடிச்சுக்கிட்டாலும் சரி. நடங்க. கனம் தூக்குங்க. மொதல்ல சின்னது, பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. பருப்பு, மொச்சை, நெலக்கடலை, பாலு, முட்டை, எல்லாம் இலையில விழணும். இந்த ஊர் மார்க்கெட்ல உளுந்தும் துவரையும் மூடை மூடையா எறங்குது. உங்க இலையில மட்டும் எறங்கல.”

“டானிக்கு?”

“வேண்டாம்.”

அங்கேதான் டாக்டர் மாட்டிக்கொண்டார். டானிக் எழுதாத டாக்டரை அய்யாதுரை அதுவரை பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியில் ஆமத்தூர் தாண்டியதும் மகனிடம் கேட்டார்:

“அந்தாளுக்கு எம்புட்டுலே குடுத்தே?”

“அஞ்சு ரூவா அய்யா. பீசு.”

“அப்பனுக்குத் தெம்பு இல்லன்னு சொல்லச் சொல்லி எம்புட்டு குடுத்தே? அதைக் கேக்கேன். மொதல் மூடையை நீ தூக்கணும், அம்புட்டுத்தானே?”

சங்கரபாண்டியன் சன்னல் வழியே வெளியே பார்த்தான். அவனுக்கும் முப்பத்தெட்டு வயதில் தொப்பை விழுந்திருந்தது. மூடையைத் தூக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்கே பயம்.

பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள் ஸ்டோர் முன்னால் எல்லோரையும் கூட்டினார் அய்யாதுரை. ஒச்சப்பன் சாவிக்கொத்தை அவர் மேசை மேல் வைத்தான். பக்கத்தில் அதே மூடை.

“ஈரம் எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுதாலே?”

“தெரியல மொதலாளி. சாவியை எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கேன். லோடுக்காரப் பயக யாரு தூக்கினாலும், எளவட்டம், அதான் தூக்குறான்னு சொல்லுவீக. மொதலாளி வயசுல உள்ள ஆளு ஒண்ணு தூக்கிப் பாக்கட்டும். ஈரம் இருந்தா அவுகளுக்கும் கனக்கும்ல?”

நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படும் விஷயங்களைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அய்யாதுரைக்கு மறந்துவிட்டது.

“ஏம் வயசுல இங்கன யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்” என்று ஒரு குரல் வந்தது.

மாரித்தாய். மருந்து காயவைக்கும் களத்தைக் கூட்டுபவள். ஒவ்வொரு ஷெட் வாசலிலும் தீக்குப் பயந்து வைத்திருக்கும் தொட்டிகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவதும் அவள்தான்.

“ஒனக்கு என்ன வயசு?”

“அது யாருக்குத் தெரியும்? மொதலாளி பொறந்த அன்னிக்கு உங்க வீட்டுல கருப்பட்டி குடுத்தாகளாம். நான் நடந்து போயி வாங்கித் தின்னேன்னு எங்க ஆத்தா சொல்லும்.”

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

மாரித்தாய் வெற்றிலையைத் துப்பினாள். சேலையை இழுத்துச் செருகினாள். குந்தி உட்கார்ந்து மூடையை மடியோடு அணைத்து எழுந்தாள். இடுப்புக்கு ஏற்றி, அங்கிருந்து தோளுக்குத் தள்ளினாள். பன்னிரண்டு எட்டு நடந்து உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“வேற எங்கயும் வைக்கணுமா?”

அறுபது பேர் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். அய்யாதுரை சுவரில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார். பயில்வான் ஒற்றைக் கையால் மூடையைத் தூக்கிக்கொண்டு இளித்தான். பிறகு மாரித்தாயின் புஜத்தைப் பார்த்தார். தன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நீ என்னத்தைத் திங்குற?” என்று மெதுவாகக் கேட்டார்.

“என்ன கெடக்குதோ அதை. கம்பஞ்சோறு, மொச்சைக்கொளம்பு. கருவாடு இருந்தா கருவாடு. ஏன் மொதலாளி?”

ஒச்சப்பன் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வைகாசி மாதம் மேசையின் மேல் கிடந்தது.

அய்யாதுரை தொண்டையைச் செருமினார்.

“தையில ஈரம் இருந்துச்சு. நான்தான் தொட்டுப் பாத்தேனே. பங்குனி வெயில்ல காஞ்சிருக்கு. காய வச்சது யாரு? ஒச்சப்பன். பத்தொம்பது வருசமா வேலை பாக்கவனுக்குத் தெரியாதா? ஏலே, சாவியை எடு.”

ஒச்சப்பன் சாவியை எடுத்தான். யாரும் சிரிக்கவில்லை. நாளைக்குப் பொங்கல், எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுக்கவேண்டியவர் அவர்தான்.

பொங்கல் முடிந்த மறுநாள், ஆட்கள் மத்தியானச் சோற்றுக்குக் கலைந்த பிறகு, முதலாளி ஸ்டோருக்கு வந்தார்.

“கதவைச் சாத்து.”

சாத்தினான்.

“மணல்ல அஞ்சு கிலோ மூடை ஒண்ணு கட்டு. யாருகிட்டயும் சொல்லாத.”

“எதுக்கு மொதலாளி?”

“கிலோவை நம்ப முடியாது. நானே சோதிச்சுப் பாக்கணும்.”

அன்றிலிருந்து சோதனை தினமும் நடந்தது. ஐந்து கிலோ மூடை, பிறகு ஏழு, பிறகு பத்து. நாற்காலியில் பத்து தடவை எழுந்து உட்கார்வதற்கும் ஒரு காரணம் இருந்தது. நாற்காலியின் கால்கள் ஆடுகின்றனவா என்று பார்க்கிறாராம். வீட்டில் பருப்பு திரும்பி வந்தது. முட்டை விஷயத்தில்தான் சிக்கல். முட்டை கண் திறந்து பார்ப்பதில்லை, ஆகையால் அது கவுச்சியில் சேராது என்று தர்மகர்த்தா என்ற முறையில் தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். தீர்ப்பு வெளியே தெரியாமல் இருக்க, பொன்னுத்தங்கம் முட்டையைத் தோசைக்குள் ஒளித்து வைத்தாள்.

கம்பெனிக்கு நடந்து போக ஆரம்பித்தார். காரை விட்டால் மரியாதை போய்விடுமே என்று, காரைப் பின்னாலேயே மெதுவாக வரச் சொன்னார். முதலாளி முன்னால் நடக்க, காலிக் கார் பின்னால் ஊர்ந்தது. பெட்ரோல் போட வக்கில்லையா, கம்பெனி நொடித்துவிட்டதா என்று ஊர் இரண்டு மாதம் சந்தேகப்பட்டது. தன்னைத் தவிர மற்றவர்களும் சந்தேகப்படுவார்கள் என்பது அவருக்குப் புதிய செய்தி.

வைகாசியில் ஒச்சப்பன் மகள் கல்யாணத்துக்கு ஆமத்தூர்வரை போனார். பந்தியில் எழுந்திருக்கும்போது கை கொடுக்க வந்தவரை முறைத்துவிட்டுத் தானே எழுந்தார். எல்லாம் ஒழுங்காகப் போகவில்லை. ஆடியில் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்தார். பதினான்கு கிலோவரை வந்தவர் எட்டுக்கு இறங்கினார். மணல் நனைந்துவிட்டது என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். ஒச்சப்பன் எட்டுக் கிலோ மூடையைக் கட்டினான். கார்த்திகையில் இருபதைத் தொட்டார். மோதிரம் விரலில் நின்றது. ஆசாரி அதைச் சின்னதாக்கிவிட்டான் என்றார்.

மறு வருஷம் தை முதல் வெள்ளிக்கிழமை. அதே வண்டி, அதே ஏழு ஏஜெண்டுகள், காபி. போன வருஷத்து ஈரத்தை எல்லோரும் மறக்காமல் மனதில் வைத்திருந்தார்கள். அய்யாதுரை துண்டை இடுப்பில் கட்டினார். முழங்காலை மடித்து மூடையை மடியோடு அணைத்து எழுந்தார். இடுப்புக்கு ஏற்றி, அங்கிருந்து தோளுக்குத் தள்ளினார். அது மாரித்தாயின் முறை. களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தை நிறுத்தி, பார்த்து, மறுபடி கூட்டினாள்.

எட்டாவது எட்டில் நின்று, துண்டைச் சரிசெய்யும் சாக்கில் மூச்சு வாங்கினார். பன்னிரண்டாவது எட்டில் மூடை ஸ்டோருக்குள் இருந்தது. ஏஜெண்டுகள் கை தட்டினார்கள். “லேபிள்ல இருக்கிற மாதிரியே அண்ணாச்சி!” என்றார் மெட்ராஸ்காரர்.

அய்யாதுரை சிரிக்கவில்லை. மூடையை ஒரு தடவை பார்த்தார். கையைப் பார்த்தார். கண் சுருங்கியது.

“ஏலே ஒச்சப்பா, இங்கன வா.”

வந்தான்.

“போன வருசம் முழங்காலுக்கு மேல வராத மூடை, இந்த வருசம் தோளுக்கு வந்திருக்கு. எடை கொறையுதுலே. உள்ளதைச் சொல்லு, எவன் அள்ளுனான்?”

ஒச்சப்பன் இடுப்பிலிருந்த சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். முதலாளியின் தோளைப் பார்த்தான். பிறகு, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

“யாரும் அள்ளல மொதலாளி. வெயில்ல காஞ்சிருக்கும்.”